பக்கத்து பெட்டுக்குக் கட்டி கரைக்கிற ஊசி போட்டாங்க, அப்பாவுக்கு ஏன் போடலை?

கரையோரம் · முதல் நாள், அதிகாலை 3.10

தூக்கம் வரலை, ஐசியூ வாசல்ல உட்கார்ந்து எழுதுறேன். அப்பாவுக்கு 68 வயசு, 15 வருஷமா சர்க்கரை. நேத்து ராத்திரி நெஞ்சு நடுவுல அழுத்துற மாதிரி வலி, வியர்வை. கொண்டு வந்ததும் ஈசிஜி எடுத்தாங்க. ஆஸ்பிரின் மாத்திரையைக் கடிச்சு மென்னு முழுங்கச் சொன்னாங்க, கூடவே ரெண்டு மாத்திரை, அப்புறம் வயித்துல ஒரு ஊசி.

அரை மணி நேரம் கழிச்சு இன்னொருத்தரைக் கொண்டு வந்தாங்க. அவருக்கும் அதே நெஞ்சு வலி. ஈசிஜி பார்த்த உடனே நாலு பேர் அவரைச் சுத்தி ஓடினாங்க. ரத்தக்கட்டி கரைக்கிற ஊசின்னு சொல்லிக் கையெழுத்து வாங்கி உடனே போட்டாங்க. இப்ப அவருக்கு வலியே இல்லையாம், தூங்குறார். அப்பாவுக்கு இன்னும் விட்டு விட்டு வலிக்குது.

டியூட்டி டாக்டர்கிட்ட கேட்டேன். "உங்க அப்பாவுக்கு அதைப் போடக் கூடாது"ன்னார். போடத் தேவையில்லைன்னு சொல்லலை. கூடாதுன்னார். அதுக்கு மேல கேக்க முடியலை, அவரை வேற பெட்டுக்குக் கூப்பிட்டாங்க. ஏன் கூடாதுன்னு தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்களேன்.

இரவுஷிஃப்ட் · முதல் நாள், 3.25

தம்பி, முதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க. நான் இதய ஐசியூ நர்ஸ், 19 வருஷ அனுபவம். நீங்க சொல்றதைப் பார்த்தா அப்பாவுக்கு நடக்க வேண்டியது நடந்திருக்கு. ஆஸ்பிரினை மெல்லச் சொன்னதே நல்ல அடையாளம். முழுசா முழுங்கினா ரத்தத்துல சேர நேரமாகும், மென்னா சில நிமிஷத்துலயே வேலையை ஆரம்பிக்கும்.

கேஸ் ஷீட்டுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை எத்தனை தடவை எடுத்தாங்கன்னும் கேளுங்க. இன்னொண்ணு: வலி விட்டு விட்டு வருதுன்னு இங்கே எழுதினீங்களே, அதை நர்ஸ்கிட்ட சொன்னீங்களா? இல்லைன்னா இப்பவே எழுந்து போய்ச் சொல்லுங்க. பதிலை அப்புறம் படிக்கலாம். வலி நிக்கலைங்கிறது சிகிச்சையையே மாத்தக்கூடிய சேதி.

கரையோரம் · முதல் நாள், 3.50

சொல்லிட்டேன் அக்கா. மறுபடி ஈசிஜி எடுத்தாங்க, கையில ஒரு ட்ரிப்ஸ் ஆரம்பிச்சாங்க, நைட்ரோகிளிசரின்னு சொன்னாங்க. இப்ப வலி நல்லாவே குறைஞ்சிருக்கு. ஷீட்டுல "அன்ஸ்டேபிள் ஆஞ்சினா / என்ஸ்டெமி"ன்னு ரெண்டும் போட்டு நடுவுல கோடு இழுத்திருக்காங்க. ட்ரோபோனின் ஒண்ணு எடுத்தாச்சு, ரெண்டாவது இனிமே.

பழையடியூட்டிடாக்டர் · முதல் நாள், 6.40

கரையோரம், "கூடாது" என்று அந்த டாக்டர் சொன்னது சரியான சொல். விளக்கம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உள்சுவரில் கொழுப்புத் திட்டு படிந்திருக்கிறது. ஒரு நாள் அதன் மேல்தோல் கிழிகிறது. உடம்பைப் பொறுத்தவரை அது ஒரு காயம், அடைக்க வேண்டும். தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டி ஒரு குவியல் ஆகின்றன. அதன்மேல் ஃபைப்ரின் என்ற நூல் வலைபோலப் பின்னி, சிவப்பணுக்களையும் சிக்கவைத்து இறுகுகிறது. கையில் வெட்டுப்பட்டால் நம்மைக் காப்பாற்றுகிற இந்த ஏற்பாடுதான் இங்கே குழாயை அடைத்துவிடுகிறது.

பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் குழாய் முழுவதும் மூடிவிட்டது. ஈசிஜியில் எஸ்டி என்ற பகுதி மேலே எழும்பி அதைக் காட்டிக்கொடுக்கும். அங்கே ஃபைப்ரின் வலை நிறைய. கட்டி கரைக்கும் ஊசி அறுப்பது அந்த நூலைத்தான், அதனால் குழாய் திறக்கிறது. உங்கள் அப்பாவின் குழாய் முழுதாக மூடவில்லை. குறுகலான இடத்தில் பெரும்பாலும் தட்டணுக் குவியல் உட்கார்ந்திருக்கிறது, ரத்தம் அதன் ஓரமாகக் கசிந்து போய்க்கொண்டிருக்கிறது. அங்கே ஊசி அறுப்பதற்கு நூல் அதிகம் இல்லை. அது மட்டுமில்லை. இருக்கிற கொஞ்ச நூலை அறுத்தால் அதற்குள் சிக்கியிருந்த த்ராம்பின் வெளியே வரும். த்ராம்பின் தட்டணுக்களை உசுப்பிவிடும் பொருள். பாதி திறந்திருந்த குழாய் முழுக்க மூடிப்போகலாம்.

இது வெறும் ஊகமில்லை. 1994-ல் வெளியான டிமி 3பி ஆய்வில், நிலையற்ற ஆஞ்சினாவும் (ஷீட்டில் எழுதிய அன்ஸ்டேபிள் ஆஞ்சினாதான்) அதை ஒத்த மாரடைப்பும் வந்தவர்களில் ஒரு பாதிப்பேருக்கு டிபிஏ என்ற கட்டி கரைக்கும் ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். போடாதவர்களில் 4.9 சதவீதம் பேருக்கு மாரடைப்பு வந்தது, போட்டவர்களில் 7.4 சதவீதம். ஊசி போட்ட சிலருக்கு மூளையில் ரத்தக்கசிவும் ஏற்பட்டது. அன்றிலிருந்து எஸ்டி எழும்பாதவர்களுக்கு இந்த ஊசி கிடையாது.

வலி ஒன்றுதான், அடைப்பு வேறு. பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்று நாங்கள் மன்றாடுவது இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

இரவுஷிஃப்ட் · முதல் நாள், 7.05

டாக்டர் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். ஷீட்டுல ரெண்டு நோய்ப் பேரை எழுதி நடுவுல கோடு போட்டது குழப்பம் இல்லை தம்பி. ட்ரோபோனின் ஏறினா இதயத் தசை கொஞ்சம் செத்திருக்குன்னு அர்த்தம், அப்ப அது என்ஸ்டெமி, அதாவது எஸ்டி எழும்பாத மாரடைப்பு. ஏறலைன்னா அன்ஸ்டேபிள் ஆஞ்சினா, அதாவது தசை சாகாத நெஞ்சு வலி. முதல் ரத்தத்துல தெரியாம இருக்கலாம், அதான் ரெண்டாவது எடுக்கறாங்க. ரெண்டுக்கும் முதல் சில மணி நேர மருந்து கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

ரெண்டாம்பிறவி · முதல் நாள், 9.30

நான் ஊசி போட்டுக்கொண்டவன். எனக்கு மாரடைப்பு வந்தபோது ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்டார்கள். 15 லட்சம் யூனிட், ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏறியது. நடுவில் ரத்த அழுத்தம் விழுந்து கண் இருட்டியது, கட்டிலின் கால்பக்கத்தைத் தூக்கினார்கள், சொட்டின் வேகத்தைக் குறைத்தார்கள். பிறகு வலி போனது. அந்த நிமிடத்தை இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது, இதே ஊசியை மறுபடி போடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தைப் பையில் எப்போதும் வைத்திருக்கிறேன். ஏன் கூடாது என்று இதுவரை எனக்கும் யாரும் சொன்னதில்லை.

பழையடியூட்டிடாக்டர் · முதல் நாள், 13.15

ரெண்டாம்பிறவி ஐயா, அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸ், தொண்டைப்புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடும்பத்துக் கிருமியிலிருந்து வரும் புரதம். ஒரு தடவை போட்டதும் உடம்பு அதை அன்னியன் என்று அடையாளம் வைத்துக்கொண்டு எதிர்ப்பொருள் செய்துவிடும், அது வருடக்கணக்கில் தங்கும். மறுபடி போட்டால் மருந்து வேலை செய்யாமல் போகலாம், ஒவ்வாமையும் வரலாம். டெனெக்டெப்ளேஸ் என்ற புதிய கட்டி கரைக்கும் ஊசிக்கு அந்தச் சிக்கல் இல்லை. எடைக்கு ஏற்ற அளவில் சில நொடிகளில் ஒரே தடவையாகச் செலுத்திவிடலாம். 75 வயதைத் தாண்டியவர்களுக்குப் பாதி அளவே போதும்.

ஆனாலும் இன்றைய சிகிச்சைக்கு அடித்தளம் போட்டது ஸ்ட்ரெப்டோகைனேஸ்தான். 1986-ல் வெளியான இத்தாலியின் ஜிஸ்ஸி ஆய்வில் 11,000-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். 21 நாளில் இறப்பு 13 சதவீதத்திலிருந்து 10.7 ஆகக் குறைந்தது. வலி வந்து ஒரு மணி நேரத்துக்குள் ஊசி பெற்றவர்களிடம் இறப்பு கிட்டத்தட்டப் பாதியானது. 1988-ல் ஐசிஸ் 2 ஆய்வு, 17,187 பேர். மருந்து எதுவும் பெறாதவர்களில் ஐந்து வாரத்தில் 13.2 சதவீதம் பேர் இறந்தார்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸும் ஆஸ்பிரினும் சேர்த்துப் பெற்றவர்களில் 8 சதவீதம். இதில் என் மனதை எப்போதும் அசைப்பது ஆஸ்பிரின். காய்ச்சல், தலைவலிக்கென்று வீட்டில் கிடந்த மாத்திரை, தனியாகவே இறப்பில் நான்கில் ஒரு பங்கைக் குறைத்தது. அதுவரை மாரடைப்புக்காரருக்கு ஆஸ்பிரின் கொடுப்பது எங்கும் கட்டாயமாக இருக்கவில்லை.

பலூன் வைத்து உடனே திறக்கும் வசதி இரண்டு மணி நேரத்துக்குள் கிடைக்குமென்றால் இன்று அதுதான் முதல் வழி. கிடைக்காத இடத்தில் ஊசிதான், அதிலும் நிமிடக் கணக்கு. ஊசி போட்ட 60 முதல் 90 நிமிடத்தில் மறுபடி ஈசிஜி எடுத்து, எழும்பிய எஸ்டி பாதியாவது இறங்கியிருக்கிறதா என்று பார்ப்போம். இறங்கவில்லை என்றால் ஊசி தோற்றது, உடனே ஆஞ்சியோவுக்கு அனுப்ப வேண்டும். இறங்கியிருந்தாலும் ஒரு நாளுக்குள் ஆஞ்சியோ உண்டு.

மருந்துச்சீட்டு · முதல் நாள், 14.00

நான் மருத்துவமனை மருந்தாளுநர். கரையோரம், ஊசிக்குக் கீழே இருக்கும் கேள்வி இன்னொன்று. அப்பாவுக்கு வயிற்றில் போட்டது அநேகமாக ரத்தம் உறையாமல் தடுக்கும் இனாக்ஸபாரின். அப்பாவின் எடை என்ன, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் என்ன?

எனக்கு இது சும்மா கேட்கும் கேள்வி இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வயதான அம்மாவுக்கு எடையைக் கண்ணால் மதிப்பிட்டு எழுதிய சீட்டு என் கைக்கு வந்தது. சிறுநீரக ரிப்போர்ட்டைப் பார்க்காமல் நானும் மருந்தைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவருக்கு வயிற்றுச் சுவருக்குள் ரத்தம் கட்டி, ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. பிழைத்துக்கொண்டார். ஆனால் அதன்பிறகு எடையும் கிரியேட்டினினும் இல்லாத சீட்டை நான் கையில் வாங்குவதில்லை.

இனாக்ஸபாரின் அளவு கிலோவுக்கு 1 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை. சிறுநீரகம் வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே போனால் அதே அளவு 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை மட்டும். மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், அது மெதுவானால் ரத்தத்தில் தேங்கும்.

கரையோரம் · முதல் நாள், 15.40

எடை நான் 60-ன்னு சொல்லியிருந்தேன். வீட்ல எப்பவோ பார்த்தது. இப்ப கட்டில் தராசுல பார்த்தாங்க, 54. சர்க்கரையில இவ்வளவு இளைச்சிருக்கார்னு எனக்கே தெரியலை. கிரியேட்டினின் 2.1.

ரெண்டாவது ட்ரோபோனின் ஏறியிருக்குன்னாங்க. அப்ப என்ஸ்டெமி.

மருந்துச்சீட்டு · முதல் நாள், 15.55

சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் கணக்கிட, 140-லிருந்து வயதைக் கழித்தால் 72. அதை எடை 54-ஆல் பெருக்கினால் 3,888. கீழே சூத்திரத்தில் உள்ள நிலையான எண் 72 பெருக்கல் 2.1, அது 151 சொச்சம். வகுத்தால் கிட்டத்தட்ட 26. முப்பதுக்குக் கீழே. அடுத்த ஊசி எப்போது என்று மரியாதையாகக் கேளுங்கள். "அப்பாவோட எடை 54-ன்னு இப்பத்தான் தெரிஞ்சது, கிட்னிக்குத் தகுந்த மாதிரி ஊசி மாறுமா டாக்டர்" என்று கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

கரையோரம் · முதல் நாள், 16.50

கேட்டேன். மத்தியானம் ரிப்போர்ட் வந்ததுமே 24 மணிக்கு ஒண்ணுன்னு மாத்திட்டாங்களாம். எடை மட்டும் பழையபடி 60-ன்னு இருந்தது, அதை என் முன்னாடியே அடிச்சு 54 எழுதினாங்க. "கேட்டது நல்லதாப் போச்சு"ன்னு டாக்டரே சொன்னார்.

தப்பான எடை சொன்னது நான்தான். மனசு ஆறலை.

இரவுஷிஃப்ட் · முதல் நாள், 17.10

அந்த நேரத்துல எடை கேட்டா எல்லாரும் பழைய கணக்குதான் சொல்வாங்க தம்பி. கட்டில்லயே தராசு இருந்தும் அதைப் போடாம விட்டது எங்க பக்கத்து வேலை. உங்க மேல போட்டுக்காதீங்க.

வெள்ளைச்சீருடை · முதல் நாள், 20.20

நான் ஓய்வு பெற்ற ஆண் செவிலியர். படித்துக்கொண்டே வந்தேன், ஒன்று உறுத்துகிறது. எங்கள் காலத்தில் நெஞ்சு வலி என்று வந்தால் முதல் வேலை ஆக்சிஜன் மாஸ்க், அடுத்தது மார்ஃபின், மானிட்டரில் ரெண்டு துடிப்பு தப்பினால் லிக்னோகெய்ன் ட்ரிப்ஸ். போன மாதம் என் மைத்துனரைச் சேர்த்தோம். இதில் ஒன்றும் தரவில்லை. ஆக்சிஜன் கேட்டதற்கு "தேவையில்லை" என்றார்கள். அலட்சியமா, முறை மாறிவிட்டதா?

பழையடியூட்டிடாக்டர் · முதல் நாள், 21.45

முறை மாறிவிட்டது ஐயா. மாற்றியது நோயாளிகளைப் பிரித்துப்போட்டுப் பார்த்த ஆய்வுகள்தான்.

ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளுங்கள். இதயத்துக்கு ஆக்சிஜன் குறைகிறது, ஆகவே கொடுப்போம் என்ற நியாயம் நம் எல்லாருக்கும் சரியாகத்தான் பட்டது. 2017-ல் ஸ்வீடனிலிருந்து வெளியான டெட்டோ2எக்ஸ் என்ற ஆய்வில் 6,629 பேரைச் சேர்த்தார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90-ம் அதற்கு மேலும் இருந்தவர்கள். ஒரு பாதிக்கு மாஸ்க், ஒரு பாதிக்கு வெறும் காற்று. ஒரு வருட முடிவில் இறப்பு 5.0, 5.1 சதவீதம். வித்தியாசமே இல்லை. அளவு 90-க்குக் கீழே இறங்கினால் மட்டும் கொடுக்கிறோம்.

லிக்னோகெய்ன் கதை கனமானது. தப்புத்துடிப்புதான் உயிரைக் குடிக்கும் துடிப்பாக மாறுகிறது, ஆகவே அதை அடக்கினால் உயிர் தப்பும் என்று நம்பினோம். 1989-ல் காஸ்ட் ஆய்வின் முடிவு வந்தது. மாரடைப்புக்குப் பிறகு தப்புத்துடிப்பு உள்ளவர்களுக்கு ஃப்ளெகெய்னைட், என்கெய்னைட் மாத்திரை கொடுத்தார்கள். துடிப்பு அழகாக அடங்கியது. இறந்தவர்கள் அதிகமானார்கள். மானிட்டர் சுத்தமாக இருந்தும் ஆள் போய்விட்டார். அந்த மாத்திரைகளை நல்லெண்ணத்தோடு எழுதியவர்களில் என் ஆசிரியர்களும் உண்டு. அவர்கள் அதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். லிக்னோகெய்னை எல்லாருக்கும் முன்கூட்டியே ஏற்றும் பழக்கமும் அதேபோல நின்றது, இறப்பைக் குறைக்கவில்லை என்பதால்.

இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் ஊசியும் இந்த வரிசைதான். சீனாவில் 45,852 பேரிடம் நடந்த கமிட் ஆய்வு, 2005. வந்தவுடன் மெட்டோப்ரோலால் என்ற பீட்டா பிளாக்கரை நரம்பில் செலுத்தினார்கள். ஆயிரம் பேரில் 5 பேருக்கு மறு மாரடைப்பு தவிர்ந்தது, 5 பேருக்கு உயிர்கொல்லித் துடிப்பு தவிர்ந்தது, 11 பேருக்கு இதயம் தளர்ந்து ரத்த அழுத்தம் விழும் அதிர்ச்சி நிலை கூடுதலாக வந்தது. அதனால் இன்று நாடியும் அழுத்தமும் நுரையீரலும் பார்த்து, நிலை உறுதியான பிறகு மாத்திரையாகத் தொடங்குகிறோம்.

மார்ஃபினையும் நான் இப்போது தவிர்க்கிறேன். அது வயிற்றின் ஓட்டத்தை மந்தமாக்கும். முழுங்கிய டிகாக்ரெலார் என்ற தட்டணு அடக்கும் மாத்திரை குடலுக்குப் போய்ச் சேராமல் நிற்கும். தட்டணுக்களை உடனே அடக்க வேண்டிய நேரத்தில் மருந்து வயிற்றிலேயே கிடக்கிறது.

இரவுஷிஃப்ட் · முதல் நாள், 22.30

டாக்டர், மார்ஃபின் விஷயத்துல மட்டும் உங்களோட நான் ஒத்துப்போகலை, மன்னிக்கணும்.

நீங்க சொல்ற காரணம் சரி. ஆனா அதைக் கேட்டுட்டு வலியில துடிக்கிற ஆளுக்கும் கொடுக்காம விடுறவங்களை நான் பார்த்துட்டேன். "மாத்திரை உறிஞ்சாது"ன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. அந்த வலி எப்படிப்பட்டதுன்னா, ஆளு கட்டிலைப் பிடிச்சு நசுக்குவார், கண்ணுல சாவு பயம் தெரியும். பயத்துல நாடி ஏறும், அழுத்தம் ஏறும், அதுவே இதயத்துக்குச் சுமை. நைட்ரேட் (அப்பாவுக்குப் போட்ட நைட்ரோகிளிசரின் அந்த வகைதான்) கொடுத்தும் அடங்காத வலிக்கு மார்ஃபினைக் கொஞ்சம் கொஞ்சமா கொடுக்கறது இரக்கம் மட்டும் இல்லை, சிகிச்சையும்தான்.

பழையடியூட்டிடாக்டர் · முதல் நாள், 22.50

சிஸ்டர், நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். "தவிர்க்கிறேன்" என்று எழுதியது அவசரம். பழக்கத்தில் எல்லாருக்கும் போடுவதைத்தான் நிறுத்த வேண்டும். அடங்காத வலிக்கு நானும் போடுவேன். ஒன்று மட்டும்: மருந்து போட்டபின் வலி மறைந்துவிட்டால் அடைப்பு தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. வலி நிற்காததே சிலரை உடனே ஆஞ்சியோவுக்கு அனுப்பும் காரணம்.

வெள்ளைச்சீருடை · முதல் நாள், 23.05

மனம் தெளிந்தது. நான் எத்தனை லிக்னோகெய்ன் பாட்டில் மாட்டியிருப்பேன் என்று கணக்குப் பார்க்கத் தோன்றுகிறது. நன்றி.

கரையோரம் · இரண்டாம் நாள், 1.15

ஒரு சந்தேகம். நைட்ரோகிளிசரின் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நர்ஸ் என்னை வெளிய அனுப்பிட்டு அப்பாகிட்ட ஏதோ கேட்டாங்க. அப்பா முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் கேட்டா "ஒண்ணுமில்லை"ங்கறார்.

இன்னொண்ணு. பக்கத்து பெட்டுக்காரருக்கு ஊசி போட்டு ஒரு மணி நேரத்துல மானிட்டர் கத்திச்சு, கோடெல்லாம் அகல அகலமா ஓடிச்சு. அவர் சம்சாரம் அலறிட்டாங்க. டாக்டர் வந்து பார்த்துட்டு நாடியைப் பிடிச்சுட்டு சும்மா நின்னார். எந்த மருந்தும் போடலை. ஒரு நிமிஷத்துல தானா சரியாச்சு. நேத்து அதைப் பார்த்துட்டு எனக்கு கோபம் வந்தது.

இரவுஷிஃப்ட் · இரண்டாம் நாள், 1.40

முதல் கேள்விக்கு நேராவே சொல்றேன். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை எதாவது சாப்பிட்டாரான்னு கேட்டிருப்பாங்க. எல்லா ஆம்பளைங்ககிட்டயும் கேக்கறதுதான், வயசு பார்க்கறதில்லை. சில்டெனாஃபில் சாப்பிட்டு 24 மணி நேரத்துக்குள்ள, டடலாஃபில்னா 48 மணி நேரத்துக்குள்ள நைட்ரேட் கொடுத்தா ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போயிடும். பிள்ளைங்க முன்னாடி கேட்டா இல்லைன்னு பொய் சொல்லிடுவாங்க. அதான் உங்களை வெளிய அனுப்பினது. அப்பாகிட்ட மேல கேக்காதீங்க, அது அவரோட சொந்த விஷயம்.

மாரடைப்புல இதயத்தோட வலது பக்கம் பாதிச்சிருந்தாலும் நைட்ரேட் கூடாது. அவங்களுக்கு அழுத்தம் நிக்கிறதே உள்ளே திரும்பி வர்ற ரத்தத்தாலதான், நைட்ரேட் அதைத்தான் குறைக்கும்.

ரெண்டாவதை டாக்டர் சொல்லட்டும்.

பழையடியூட்டிடாக்டர் · இரண்டாம் நாள், 7.20

அந்த டாக்டர் நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் அப்போது சரியான சிகிச்சை. மூடியிருந்த குழாய் திறந்து, பட்டினி கிடந்த தசைக்கு ரத்தம் பாயும்போது இப்படி அகலமான, மிதவேகமான துடிப்பு வரும். நாடியும் அழுத்தமும் நன்றாக இருந்தால் தொடுவதில்லை, தானாக நிற்கும். குழாய் திறந்ததற்கு அதை ஒரு நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்வோம். நான் மேலே சொன்ன காஸ்ட் பாடம் இல்லாத காலமாக இருந்தால் அவருக்கு ஏதாவது ஏறியிருக்கும்.

அவருக்கு நாங்கள் கவலைப்படுவது வேறொன்றுக்கு. கட்டி கரைக்கும் ஊசிக்கு இதயத்தில் உள்ள கட்டி எது, மூளையில் ஓட்டையை அடைத்திருக்கும் கட்டி எது என்று தெரியாது. ஆயிரத்தில் 5 முதல் 10 பேருக்கு மூளையில் ரத்தம் கசியலாம். முதல் நாளில் தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், மயக்கம் எது வந்தாலும் உடனே சொல்ல வேண்டும். முன்பு மூளையில் ரத்தக்கசிவு வந்தவருக்கு எப்போதும் போடுவதில்லை. பெருந்தமனி கிழிந்த சந்தேகம் இருந்தாலும் போடுவதில்லை, ஏனென்றால் அதுவும் நெஞ்சு வலியாகத்தான் வரும்.

கரையோரம் · இரண்டாம் நாள், 11.00

அப்பாவுக்கு ஆஞ்சியோ முடிஞ்சது. சர்க்கரையும் ட்ரோபோனினும் சேர்ந்து இருக்கறதால சீக்கிரமே பார்க்கணும்னு காலையிலயே கூட்டிட்டுப் போனாங்க. முன்பக்கக் குழாய்ல 90 சதவீதம். ஸ்டென்ட் வெச்சாச்சு. கிட்னிக்காக முன்னாடியே ட்ரிப்ஸ் ஏத்தினாங்க, சாயத்தைக் குறைச்சுத்தான் விட்டோம்னு சொன்னாங்க.

டாக்டர் திரையில காட்டினார். "இங்கே பாருங்க, ஓரமா ரத்தம் போயிட்டிருந்திருக்கு"ன்னார். நீங்க எழுதினது அப்படியே கண் முன்னாடி தெரிஞ்சது.

ரெண்டாம்பிறவி · இரண்டாம் நாள், 11.20

படித்ததும் எழுந்து நின்று கும்பிட்டேன். அப்பா நல்லபடியாக வீடு வரட்டும்.

கரையோரம் · மூன்றாம் நாள், 5.30

அப்பாவுக்கு மூச்சு வாங்குது. ஓடி வந்த மாதிரி இல்லை, படுத்திருக்கும்போதே "காத்து பத்தலை"ங்கறார். ரெண்டு நிமிஷத்துல சரியாகுது, மறுபடி வருது. நர்ஸ்கிட்ட சொல்லிட்டேன். மாத்திரையால இருக்கலாம்னு ஒருத்தர் சொன்னார், நிறுத்திடலாமா?

மருந்துச்சீட்டு · மூன்றாம் நாள், 5.45

நிறுத்தவே கூடாது. நேற்றுத்தான் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். தட்டணுக்களை அடக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே கட்டி விழலாம், அது முதல் மாரடைப்பைவிட மோசம்.

பழையடியூட்டிடாக்டர் · மூன்றாம் நாள், 6.10

முதலில் பார்க்க வேண்டியது இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா என்பது. நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்பார்கள், ஆக்சிஜன் அளவு, எக்ஸ்ரே, எக்கோ பார்ப்பார்கள். அது இல்லையென்றால் டிகாக்ரெலார்தான் பெரும்பாலும். 2009-ல் வந்த ப்ளேட்டோ ஆய்வில் 18,624 பேர். டிகாக்ரெலார் சாப்பிட்டவர்களில் 13.8 சதவீதம் பேருக்கு மூச்சு வாங்கியது, அதே வகைப் பழைய மாத்திரையான க்ளோபிடோக்ரல் சாப்பிட்டவர்களில் 7.8. அதே ஆய்வில் டிகாக்ரெலார் குழுவில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்த்து 9.8 சதவீதம், மற்றதில் 11.7. நுரையீரல் கெடுவதால் வரும் மூச்சுத் திணறல் இல்லை இது, பலருக்குச் சில நாளில் தணிந்துவிடும். தாங்க முடியாவிட்டால் வேறு மாத்திரைக்கு மாற்ற வழி இருக்கிறது. அதை டாக்டர்தான் மாற்ற வேண்டும், ஒரு வேளைகூட இடைவெளி விழாமல்.

கரையோரம் · மூன்றாம் நாள், 13.30

எக்ஸ்ரே சுத்தமா இருக்கு. எக்கோவும் பரவாயில்லை. மாத்திரைதான்னு சொன்னாங்க, பார்த்துக்கலாம்னாங்க. காரணம் தெரிஞ்சதுமே அப்பாவுக்குப் பாதி பயம் போயிடுச்சு.

கரையோரம் · ஐந்தாம் நாள், 17.00

வார்டுக்கு மாத்தி, நாளைக்கு டிஸ்சார்ஜ். மூச்சு வாங்கறது நாளுக்கு ஒரு தடவைதான் இப்ப. சீட்டு: ஆஸ்பிரின் 75, டிகாக்ரெலார் 90 ரெண்டு வேளை, அடோர்வாஸ்டாடின் 80, மெட்டோப்ரோலால், வயித்துக்கு பான்டோப்ரசோல். ரெண்டு கேள்வி. கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் அவ்வளவு மோசமில்லை, எதுக்கு 80? இன்னொருத்தருக்கு ராமிப்ரில் எழுதியிருக்காங்க, அப்பாவுக்கு இல்லை.

மருந்துச்சீட்டு · ஐந்தாம் நாள், 17.40

அடோர்வாஸ்டாடின் ரிப்போர்ட்டின் எண்ணுக்காக மட்டும் இல்லை. கிழிந்த திட்டு ஆறவும், மற்ற திட்டுகள் கிழியாமல் உறுதிப்படவும் கொழுப்பை முடிந்தவரை கீழே இறக்க வேண்டும். 2004-ல் வெளியான ப்ரூவ் இட் ஆய்வில் இந்த மாதிரி நோயாளிகளுக்கே அடோர்வாஸ்டாடின் 80-ஐயும் ப்ரவாஸ்டாடின் 40-ஐயும் ஒப்பிட்டார்கள். அதிக வீரியம் பெற்றவர்களுக்கு மறு பாதிப்பு 16 சதவீதம் குறைந்தது. தசை வலி வந்தால் சொல்லுங்கள்.

ராமிப்ரில் இதயத்துக்கு நல்ல மருந்துதான், ஆனால் கிரியேட்டினின் 2.1 உள்ளவருக்கு, அதுவும் ஆஞ்சியோ சாயம் போன வாரத்திலேயே தொடங்கப் பயப்படுவார்கள். கிரியேட்டினினும் பொட்டாசியமும் மறுபடி பார்த்துவிட்டுச் சேர்க்கலாம்.

என் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. அப்பா வீட்டில் வழக்கமாக வேறு என்ன மாத்திரை போடுவார்? சீட்டில் இல்லாதது, அவராகவே போட்டுக்கொள்வது?

கரையோரம் · ஐந்தாம் நாள், 18.05

முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக். வலிக்கறப்போ ஒண்ணு, சில நாள் ரெண்டு. அஞ்சாறு வருஷமா. இதை டாக்டர்கிட்ட யாரும் சொல்லலை, நாங்க அதை மருந்துன்னே நினைக்கலை.

மருந்துச்சீட்டு · ஐந்தாம் நாள், 18.10

இன்றோடு நிறுத்த வேண்டியது அதுதான். மாரடைப்பு வந்தவருக்கு அந்த வகை வலி மாத்திரைகள் மறு மாரடைப்பு ஆபத்தைக் கூட்டும், ஆஸ்பிரினோடும் டிகாக்ரெலாரோடும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும், இருக்கிற சிறுநீரகத்தையும் கெடுக்கும். கிரியேட்டினின் 2.1 ஆனதில் அதற்கும் பங்கு இருக்கலாம். இன்றே டாக்டரிடம் சொல்லி ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். முட்டிக்கு என்ன செய்வது என்பதையும் அவரிடமே கேளுங்கள், கேட்காமல் வந்தால் வலி வந்ததும் கை அதற்குத்தான் போகும்.

கரையோரம் · ஐந்தாம் நாள், 19.30

சொல்லிட்டேன், எழுதிட்டாங்க. பாராசிட்டமால் போதும்னு சொல்லியிருக்காங்க, முட்டிக்குத் தனியா ஒரு டாக்டரைப் பார்க்கச் சீட்டு கொடுத்திருக்காங்க.

சேர்த்த அன்னிக்கு அப்பா போட்டிருந்த சட்டை என் பையில மடிச்சு வெச்சிருந்தேன். இப்ப எடுத்துப் பார்த்தேன். மேல் பாக்கெட்டுல அந்த டைக்ளோஃபெனாக் அட்டை, பத்துல மூணு மிச்சம். அப்பா பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை, கையை மட்டும் நீட்டினார். கொடுக்கலை. நர்ஸ்கிட்ட கொடுத்துட்டு வந்தேன்.